பதினொரு கிலோ நானூறு

அடகுப் பிரிவில் பொன் நிறுக்கிற கை.
பையை அதே கையால் தூக்கிப் பார்த்துச் சொன்னேன்:
பதினொரு கிலோ நானூறு.
அதில் தண்ணீர் மட்டும் ஆறு.
ஹஸ்மி சிரித்தான்:
"நாம போற இடமே தண்ணிதானே."
ஒரு போத்தலைக்கூட நான் குறைக்கவில்லை.

புல்மோட்டை பஸ் கும்புறுப்பிட்டி தாண்டி
எங்களை இறக்கிவிட்டபோது ஐந்தரை.
"இஞ்ச வீடொண்டும் இல்லையே," என்றான் கண்டக்டர்.
இல்லைத்தான்.
கைபேசிப் படத்தில், மேற்கே, இரண்டு மலைக்கு நடுவே
அரிசி அளவில் ஒரு நீலம் இருந்தது.
அதற்குப் பேரில்லை.
அதற்குப் போகிற கோடுமில்லை.

முதல் ஒரு மணிநேரம் மாட்டுத் தடம்.
பிறகு, மாடுகளும் திரும்பிப்போன இடம்.
அங்கே மூவரும் நின்றோம்
யாரும் நில் என்று சொல்லாமலே.
தடத்தைவிட்டு இறங்காதே என்று
சிவப்புப் பலகையில் மண்டையோடு வரைந்து
எங்களுக்குப் பள்ளியில் படிப்பித்திருந்தார்கள்.
பலகையைக் கழற்றிக் கன வருஷம்.
வெடி அகற்றியாயிற்று என்று கச்சேரியில் கடிதமும் உண்டு.
கால் கடிதம் வாசிப்பதில்லை.
ஜெனிற்றாதான் முதலில் வைத்தாள்.
நொறுங்கியது
சருகு.

அப்புறம் சூரைமுள்,
விட்ட இடத்தில் பிடித்து, பிடித்த இடத்தில் கிழித்து.
பாலை மரத்தடியில் கரடி தோண்டிய புற்று,
மண் இன்னும் ஈரம்.
ஹஸ்மி தகரக் கோப்பையைக் கரண்டியால் தட்டியபடி நடந்தான்,
கரடியாருக்கு சலாம் சொல்கிறானாம்.

பதினொரு மணிக்குப் பாறை தொடங்கியது.
வெயிலில் பசை இளகி
என் இடது சப்பாத்து வாயைப் பிளந்தது.
ஜெனிற்றா பண்டேஜ் எடுத்து
வார்டில் கணுக்காலுக்குப் போடுகிற அதே எட்டைப் போட்டாள்.
"தப்புமா?"
"நாளைக்கு மட்டும் தாங்கும்."

நாலு காலில் ஏறினோம்.
உள்ளங்கை வெந்தது.
இதுதான் கணவாய் என்று தலையை நிமிர்த்தினால்
அதற்கு அப்பால் இன்னொரு பாறை, இன்னும் செங்குத்தாய்.
கடன் முடிந்ததென்று சந்தோசமாய் வருபவருக்கு
மிச்ச வட்டியைக் காட்டுகிற என் வேலையை
மலை எனக்குச் செய்தது.
நானும் அவர்களைப் போலவே
ஒன்றும் பேசாமல் கட்டினேன்.

மேலே கச்சான் காற்று,
ஆளை அப்படியே கடல்பக்கம் தள்ளுகிற காற்று.
திரும்பிப் பார்த்தேன்.
தெற்கே தூரத்தில் புறாத்தீவு, மூக்குத்திப் பொட்டு.
கால் பவுண் தேறாது.

மற்றப் பக்கம் இறங்கினால், நீலம் இல்லை.
மாசி மாதத்தில் எடுத்த படமாக்கும் அது.
இது ஆவணி.
வெடித்த சேறு, தட்டுத்தட்டாய்,
நடுவில் படுக்கை விரிப்பளவு தண்ணீர்,
அதற்குள் ஒன்றின்மேல் ஒன்றாய் மீன்கள்
முதுகு தெரிய.
ஹஸ்மி என் பையைப் பார்த்தான்.
எடுத்துக் கொடுத்தேன்.
குடித்தான். கோப்பையைத் துடைத்துத் தந்தான்.
அவ்வளவுதான்.

அந்த விரிப்பில் நாங்கள் கைவைக்கவில்லை.
வைப்பதில்லை என்று பேசி முடிவெடுக்கவும் இல்லை.
உயரமான பாறையொன்றில் பாணும் மாசிச் சம்பலும் தின்று
ஒருவர் காலருகே ஒருவர் தலைவைத்துப் படுத்தோம்.
நடுச்சாமத்தில் கீழே ஏதோ தண்ணீர் குடித்தது.
நீண்ட உறிஞ்சல், இடையில் ஒரு மூச்சு,
மறுபடி உறிஞ்சல்.
மூவரும் விழித்திருந்தோம்.
ரோச் என் கைக்குள் இருந்தது.
அடிக்கவில்லை.

விடிந்ததும் பார்த்தால்
சேற்றில் சுளகு அகலப் பாதங்கள்,
தெற்குப் பக்கம் மலையைச் சுற்றிப் போயின,
ஏற்றமே இல்லாத, முள்ளே இல்லாத,
மூன்று பேர் கைகோத்து நடக்கக்கூடிய
ஒரு பாதையில்.
நேற்று முழுக்க அது அங்கேதான் இருந்திருக்கிறது.
எனக்குக் கோபம் வந்தது. ஜெனிற்றாவுக்குச் சிரிப்பு.
பையைத் தோளில் போட்டேன்,
நிறை சொல்ல மறந்துபோனேன்.

அந்தத் தடத்திலேயே இறங்கினோம்.
ஹஸ்மி கோப்பையைத் தட்டவில்லை.